ட்ரோபோனின் 32,400: ஸ்டென்ட் வைத்த அப்பா எவ்வளவு தேறுவார் என்று ரத்தம் சொல்லுமா?

அல்சூர்_மகள் | ஜூன் 14, இரவு 11.20

வணக்கம். பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு 62 வயது. ஜூன் 3 விடியற்காலை ஐந்து மணிக்கு நெஞ்சைப் பிசைகிறது என்று எழுந்து உட்கார்ந்தார். வாயுவாக இருக்கும் என்று அம்மா ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். கொஞ்சம் தணிந்தது. எட்டு மணிக்கு வேர்த்துக் கொட்டி, வலி இடது தோள் வரை ஏறிவிட்டது. பக்கத்து நர்சிங் ஹோமில் இசிஜி எடுத்ததுமே ஆம்புலன்சில் ஏற்றினார்கள். இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்தது. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வலி தொடங்கியதிலிருந்து அடைப்பு திறக்கும் வரை கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "மாத்திரையை விடாதீங்க, ஆறு வாரம் கழிச்சு எக்கோ பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். கேள்வி கேட்க நேரமில்லை.

ஃபைலில் இருப்பது இதுதான். ட்ரோபோனின் ஐ, போனவுடன் 840, மறுநாள் காலை 32,400. என்டி-ப்ரோபிஎன்பி மூன்றாம் நாள் 2,150. சிஆர்பி 68. சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் 1.1, பிறகு 1.4, கிளம்பும் அன்று 1.2. ஹீமோகுளோபின் 10.8. போனபோது சர்க்கரை 236, ஆனால் மூன்று மாதச் சராசரி 6.3. கெட்ட கொழுப்பு எல்டிஎல் 134. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 38 சதவீதம்.

சித்தப்பா மகன் இணையத்தில் எங்கோ படித்துவிட்டு, ட்ரோபோனின் 30 ஆயிரத்தைத் தாண்டினால் இதயம் பழையபடி ஆகாது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அதைப் படித்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா தேறுவாரா மாட்டாரா என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்ரீராமபுரம்_முத்து | ஜூன் 14, இரவு 11.48

தங்கச்சி, முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். எனக்கு 2016-இல் இதே முன்பக்கக் குழாய்தான். வீட்டுக்கு வந்தபோது பம்பிங் 35. மூன்று மாதத்தில் 48 ஆனது. இன்றைக்கும் கடையில் நின்று வியாபாரம் பார்க்கிறேன். இந்த எண்களையெல்லாம் தூக்கி அந்தப் பக்கம் வையுங்கள்.

லேப்_அனுபவம் | ஜூன் 15, காலை 6.35

மகளே, நான் 27 வருடம் மருத்துவமனை லேபில் உயிர்வேதியியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் இல்லை. ஆனால் இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது தெரியும். ட்ரோபோனினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் குடும்பங்களை அதிகம் பயமுறுத்துவது அதுதான்.

ட்ரோபோனின் என்பது இதயத் தசை சுருங்கி விரிய உதவும் ஒரு புரதம். தசை நன்றாக இருக்கும்போது அது செல்லுக்குள்ளேயே இருக்கும். செல் செத்தால் ரத்தத்துக்குள் கசியும். இப்போதுள்ள நுண்ணிய சோதனைகள் மிகக் குறைந்த அளவையும் பிடித்துவிடும். நான் கடைசியாக ஓட்டிய ஒரு கருவியில் ஆண்களுக்கு லிட்டருக்கு 34 நானோகிராம், பெண்களுக்கு 16 என்று எல்லை வைத்திருந்தார்கள். ஆரோக்கியமான நூறு பேரில் 99 பேர் அந்த எல்லைக்குக் கீழே இருப்பார்கள், அப்படித்தான் அந்த எண்ணையே வகுக்கிறார்கள். எல்லையே 34 என்பதால்தான் 32,400 பூதாகரமாகத் தெரிகிறது. பழைய கருவிகள் மில்லிலிட்டர் கணக்கில் சொல்லும். அங்கே இதே அளவு 32.4 என்று அச்சாகியிருக்கும். அப்படி அச்சாகியிருந்தால் உங்கள் சித்தப்பா மகன் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டான். எந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தாலும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகை முதலில் பாருங்கள்.

அடுத்தது நேரம். வலி தொடங்கிச் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரம் பத்து நாள் வரை மெல்ல மெல்ல இறங்கும். அப்பாவுக்கு அடைப்பைத் திறந்திருக்கிறார்கள், அதைக் கவனியுங்கள். மூடியிருந்த குழாய் திறந்து ரத்தம் பாய்ந்ததும், செத்த தசையில் தேங்கி நின்ற ட்ரோபோனின் எல்லாம் ஒரே நேரத்தில் கழுவிக்கொண்டு வெளியே வரும். வாய்க்காலில் மடையைத் திறந்தால் முதல் தண்ணீர் செத்தையோடு வருவது போல. அதனால் சிகிச்சை சரியாக நடந்தவர்களுக்கு உச்சம் சீக்கிரமே வரும், உயரமாகவும் இருக்கும்.

கருவிக்குக் கருவி எண் மாறும். ட்ரோபோனின் ஐ வேறு, டி வேறு. டி வகைக்கு எல்லை 14. ஒரு லேபின் ஐ எண்ணை இன்னொரு லேபின் டி எண்ணோடு ஒப்பிடுவது, ரூபாயையும் டாலரையும் அப்படியே கூட்டுவதற்குச் சமம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மாரடைப்பு இல்லாமலே கொஞ்சம் உயர்ந்து நிற்கும். முடி உதிராமலிருக்கச் சாப்பிடுகிறார்களே, பயோட்டின், அது அதிக அளவில் உடம்பில் இருந்தால் சில கருவிகளில் எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். வீட்டில் யாராவது அதைச் சாப்பிட்டால் ரத்தம் கொடுக்கும் முன் லேபில் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

அல்சூர்_மகள் | ஜூன் 15, காலை 8.10

ஐயா, ரொம்ப நன்றி. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். மடைத் தண்ணீர் விஷயம் அம்மாவுக்கு உடனே பிடிபட்டது, ஊரில் வயல் பார்த்தவர்கள். ஆனால் ஒரு கேள்வி. உச்ச எண் ஒன்றுமே சொல்லாது என்றால் மறுநாளும் ஏன் எடுத்தார்கள்?

இதய_வார்டு | ஜூன் 15, மதியம் 2.05

நான் இதயநோய் மருத்துவர், பெங்களூரில்தான் வேலை. உங்கள் அப்பாவைப் பார்க்காமல் அவருக்கு மருந்து பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். எண்களைப் பற்றிப் பேசலாம்.

ட்ரோபோனின் ஒன்றுமே சொல்லாது என்று லேப் ஐயா சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். அது அதிகமாக ஏறியவர்களைக் கூட்டமாகச் சேர்த்துப் பார்த்தால், சேதமான தசையும் அவர்களுக்கு அதிகம்தான். மூன்றாம் நான்காம் நாள் எடுக்கும் ட்ரோபோனின் டி, எம்ஆர்ஐயில் தெரியும் தழும்பின் அளவோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. முன்பக்கக் குழாய், ஆறு மணி நேரத் தாமதம், 38 பம்பிங், இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் இது சின்ன மாரடைப்பு இல்லை. அதை மறைத்துப் பேசினால் உங்களுக்கு நல்லது செய்தவன் ஆக மாட்டேன்.

ஆனால் கூட்டத்துக்குப் பொருந்துவது ஒருவருக்கு அப்படியே பொருந்தாது. ஒரே ட்ரோபோனின் உள்ள இரண்டு பேரில் ஒருவர் மூன்று மாதத்தில் மாடி ஏறுவார், மற்றவருக்கு மூச்சு வாங்கும். அதனால்தான் நாங்கள் ஒற்றை எண்ணை நம்புவதில்லை. கிரேஸ் என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. அதில் வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கிரியாட்டினின், இசிஜி மாற்றம், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா, வரும்போதே இதயம் நின்றதா என்று பலதும் சேரும். ட்ரோபோனின் ஏறியதா இல்லையா என்பது அதில் ஒரு வரி, அவ்வளவுதான். நுரையீரல் நீரை வைத்துப் படி பிரிக்கும் வழக்கம் 1967-இல் கில்லிப் என்பவரும் கிம்பலும் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. ஸ்டெதாஸ்கோப் ஒன்றே போதும் அதற்கு. இன்றும் மதிப்பிழக்கவில்லை.

38 என்ற பம்பிங்கையும் இறுதித் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். அடைப்பு திறந்த பிறகும் தசையின் ஒரு பகுதி சாகாமல், வேலை செய்யாமல் மயங்கிக் கிடக்கும். நாள்கள், வாரங்கள் கழித்து எழும். எவ்வளவு எழும் என்பது ஆறு வாரத்துக்கு மேல் எடுக்கும் எக்கோவில்தான் தெரியும். உங்கள் டாக்டர் அந்த இடைவெளி சொன்னதற்குக் காரணம் அதுதான்.

இந்தக் கட்டத்தில் நான் கூர்ந்து பார்ப்பது என்டி-ப்ரோபிஎன்பி. இதயச் சுவர் இழுபட்டால் தசையே சுரக்கும் பொருளின் ஒரு துண்டு அது. அதன் சொந்தக்காரப் பொருளான பிஎன்பியை 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையில் கண்டெடுத்தார்கள், அதனால் மூளை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இதயக் கீழறைதான் அதிகம் சுரக்கிறது என்பது பிறகு தெரிந்தது. ட்ரோபோனின் எவ்வளவு செத்தது என்று சொல்கிறது. இது, மிச்சம் இருப்பது எவ்வளவு சிரமப்படுகிறது என்று சொல்கிறது. 2,150 அதிகம். மாரடைப்பின் மூன்றாம் நாளில் அதிகமாக இருப்பது எதிர்பார்த்ததே. இனி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் எனக்குத் தேவை. வயதானால், சிறுநீரகம் தளர்ந்தால் இது கூடும், உடல் பருமனானவர்களுக்குக் குறைவாகக் காட்டும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஓமத்தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. அம்மாவைக் குற்ற உணர்வில் விடாதீர்கள். செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்தி 2008-இல் வெளிவந்த கிரியேட் என்ற இதயநோய்ப் பதிவேட்டில் 50 நகரங்களிலிருந்து நோய் உறுதியான 20,468 நோயாளிகள் இருந்தார்கள். முழு அடைப்பு மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவமனைக்கு வரவே எடுத்துக்கொண்ட நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம். நாடே அப்படித்தான் தாமதித்திருக்கிறது. உங்கள் வீட்டில் அதற்குள் அடைப்பையே திறந்துவிட்டார்கள்.

சிசியூ_அக்கா | ஜூன் 15, இரவு 9.40

டியூட்டி முடிந்து இப்போதுதான் படித்தேன். டாக்டர் பெரிய விஷயங்களைச் சொல்லிவிட்டார், நான் வார்டில் நாங்கள் பார்க்கும் சின்ன எண்களைச் சொல்கிறேன். சின்னவை என்று ஒதுக்காதீர்கள். அவற்றில்தான் நாம் கை வைத்து ஏதாவது செய்ய முடிகிறது.

சர்க்கரை 236 பார்த்துப் பதற வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். உடம்பு பேரிடியில் இருக்கும்போது அட்ரினலின் எல்லாம் சேர்ந்து சர்க்கரையை ஏற்றும். அப்படி ஏறியவர்களுக்குக் கவனிப்பு கூடுதலாக வேண்டும் என்பது எங்களுக்குப் பழகிய விஷயம். மூன்று மாதச் சராசரி 6.3 என்றால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறார். ஆனால் ஹீமோகுளோபின் 10.8 என்று போட்டிருக்கிறீர்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்தச் சராசரி கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதைச் சரிசெய்த பிறகு மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த 10.8-ஐப் பற்றி யாராவது பேசினார்களா? காயம்பட்ட இதயத்துக்கு ஆக்சிஜன் கொண்டுபோகிற ரத்தமே நீர்த்திருக்கிறது என்று அர்த்தம். 62 வயது ஆணுக்கு ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். இப்போது ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை போடுகிறார். மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா என்று தினமும் கேளுங்கள். அப்பாக்கள் இதைத் தாமாகச் சொல்லவே மாட்டார்கள். இரும்பு மாத்திரை போட்டாலும் கறுக்கும் என்பதால் எதையும் தானாக வாங்கிக் கொடுக்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

கிரியாட்டினின் 1.4 போய் 1.2-க்கு இறங்கியது நல்ல செய்தி. ஆஞ்சியோவில் ஏற்றும் சாயம் சிறுநீரகத்தைக் கொஞ்சம் தொந்தரவு செய்யும், இரண்டு மூன்று நாளில் ஏறி, பிறகு இறங்கும். அடுத்த பரிசோதனையில் மறுபடி பாருங்கள். அதுவரை மூட்டு வலி, இடுப்பு வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். இதயத்துக்கும் ஆகாது, சிறுநீரகத்துக்கும் ஆகாது.

வீட்டில் எடை பார்க்கும் கருவி இருக்கிறதா? தினமும் காலையில் கழிப்பறை போய்வந்து, சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர்.

கணக்கு_வாத்தியார் | ஜூன் 16, காலை 7.15

சாதாரண ரத்த எண்ணிக்கையில் வரும் இரண்டு வெள்ளை அணு வகைகளில், நியூட்ரோஃபில் சதவீதத்தை லிம்ஃபோசைட் சதவீதத்தால் வகுத்தால் வரும் விகிதமும் மாரடைப்பின் விளைவை முன்கூட்டிச் சொல்கிறது என்று படித்தேன். தனிச் செலவே இல்லையே. சிஆர்பியோடு அதையும் பார்க்கலாமே? என் மைத்துனருக்குக் கணக்குப் போட்டேன், 82-ஐ 11-ஆல் வகுத்தால் 7.5 வருகிறது.

இதய_வார்டு | ஜூன் 16, இரவு 10.30

சார், விகிதம் கூடியவர்கள் கூட்டமாகப் பார்த்தால் சிரமப்படுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் வந்ததுதான். ஆனால் 7.5 என்று தெரிந்த பிறகு நான் செய்யும் சிகிச்சை மாறாது. சளி பிடித்தாலும், ஸ்டீராய்டு போட்டாலும் அது ஏறும்.

சிஆர்பி விஷயம் இன்னும் சுவையானது. கல்லீரல் செய்யும் புரதம் அது. 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் முதலில் கண்டார்கள். மாரடைப்பு வந்தால் செத்த தசையைத் துப்புரவு செய்ய உடம்பு கிளப்பும் அழற்சியில் இரண்டு மூன்று நாளில் உச்சம் தொடும். ஆகவே 68 என்பது அந்த நாளுக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. உச்சம் உயரமாக இருப்பவர்களுக்கு இதயச் செயலிழப்பு அதிகம் வருகிறது. அப்படியானால் அழற்சியைக் குறைத்தால் இதயம் பிழைக்குமா? 2019-இல் வந்த கோல்காட் ஆய்வில் கவுட் என்ற மூட்டு நோய்க்குக் கொடுக்கும் கோல்ச்சிசினை 4,745 பேரிடம் சோதித்தார்கள். பாதிப்புகள் 7.1 சதவீதத்திலிருந்து 5.5-ஆகக் குறைந்தன. எல்லோரும் மகிழ்ந்தோம். 2024-இல் ஏழாயிரம் பேருக்கு மேல் சேர்த்த க்ளியர் ஆய்வில் 9.1-க்கும் 9.3-க்கும் வித்தியாசமே இல்லை. நானே அந்த மருந்தை எழுதிக்கொண்டிருந்தேன், இப்போது தயங்குகிறேன். ஒரு எண் ஆபத்தைக் காட்டுகிறது என்பதாலேயே அந்த எண்ணை இறக்கினால் ஆபத்து இறங்கிவிடும் என்று ஆகாது.

ஜெயநகர்_நலம் | ஜூன் 17, மாலை 6.20

மேடம், ஒரு யோசனை. இப்போது வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள். கேலக்டின்-3, எஸ்டி2, ஹோமோசிஸ்டீன் எல்லாம் சேர்த்து 80 சோதனைகள் உள்ள இதயப் பேக்கேஜ் இருக்கிறது. எல்லாவற்றையும் மாதாமாதம் எடுத்துவிட்டால் எது எப்போது மாறினாலும் தெரிந்துவிடும். பணத்தைப் பார்க்க வேண்டிய நேரம் இது இல்லை.

லேப்_அனுபவம் | ஜூன் 17, இரவு 8.00

தம்பி, நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் இதை நான் எதிர்க்கிறேன். ஆரோக்கியமானவர்களின் எண்களை வைத்து எல்லை வகுக்கும்போது, பொதுவாக நூறில் ஐந்து பேர் எல்லைக்கு வெளியே விழுமாறுதான் வகுப்போம். அப்படியென்றால் 80 சோதனை எடுக்கும் ஆரோக்கியமான மனிதருக்கும் மூன்று நான்கு எண் சிவப்பில் வரத்தான் செய்யும். அந்தச் சிவப்பைப் பார்த்து இந்த அம்மா இன்னும் எத்தனை நாள் சாப்பிடாமல் இருப்பார்கள்? ஹோமோசிஸ்டீனை பி வைட்டமின் கொடுத்து இறக்கிப் பார்த்துவிட்டார்கள், மாரடைப்பு குறையவில்லை. ஏற்கெனவே ஹீமோகுளோபின் குறைந்தவரிடம் மாதாமாதம் குழாய் குழாயாக ரத்தம் எடுக்கவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் எடுக்கலாம், வாழ்நாளில் ஒரு தடவை. லிப்போபுரோட்டீன் ஏ. பிறவியிலேயே வரும் கொழுப்பு வகை, நம் மக்களிடம் இது உயர்ந்திருப்பது அதிகம். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அப்பாவுக்கு இருந்தால் மகளும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜெயநகர்_நலம் | ஜூன் 17, இரவு 8.25

சரிங்க ஐயா. எனக்கு அந்தக் கணக்கு தெரியாது. என் அண்ணனுக்கு அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம், அவர் டாக்டரிடம் காட்டிப் பேசுகிறேன்.

தங்கவயல்_செல்வி | ஜூன் 18, இரவு 12.50

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். முத்து அண்ணா, எண்களைத் தூக்கி வையுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். தைரியம் சொல்லத்தான் அப்படி எழுதினீர்கள் என்று தெரியும். ஆனால் எங்கள் அம்மா விஷயத்தில் நாங்கள் அப்படித்தான் தூக்கி வைத்தோம்.

2019-இல் அம்மாவுக்கு மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். கிளம்பும்போது என்டி-ப்ரோபிஎன்பி 1,900. மூன்று வாரம் கழித்துப் போனபோது 4,800. அந்த ரிப்போர்ட் மாலையில் வந்தது, நாங்கள் அதற்குள் பஸ் ஏறிவிட்டோம். மருத்துவமனையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. நாங்களும் பிரித்துப் பார்க்கவில்லை. அம்மாவின் கால் வீங்கியிருந்தது, நடந்ததால் என்று நினைத்தோம். இரவில் இரண்டு தலையணை கேட்டார்கள், மூன்றாவது கேட்டார்கள். பத்தாம் நாள் விடியற்காலையில் மூச்சு முட்டி, போகும் வழியிலேயே போய்விட்டார்கள். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

முதல் நாள் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சரி. அடுத்த எண்ணைப் பார்க்காமல் இருக்காதீர்கள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் ரிசல்ட் யார் பார்ப்பார்கள், யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

ஸ்ரீராமபுரம்_முத்து | ஜூன் 18, காலை 6.05

செல்வி, மன்னித்துவிடு அம்மா. நான் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அப்போது என் மகள்தான் எல்லா ரிப்போர்ட்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டினாள். எண்ணை நான் பார்க்கவில்லையே தவிர அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை இன்றைக்குத்தான் யோசித்தேன்.

அல்சூர்_மகள் | ஜூன் 24, இரவு 8.45

அவசரம். இரண்டு நாளாக அப்பாவுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. சில நிமிடத்தில் தானாகச் சரியாகிறது. எடை ஏறவில்லை, 64.2 கிலோவிலேயே நிற்கிறது. கால் வீக்கம் இல்லை. படுத்தால் கூடவில்லை. நாளைக் காலை வரை பார்க்கலாமா?

சிசியூ_அக்கா | ஜூன் 24, இரவு 8.52

பார்க்காதீர்கள். இப்போதே கிளம்புங்கள். மாத்திரைச் சீட்டையும் எடைக் குறிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அல்சூர்_மகள் | ஜூன் 25, மதியம் 1.15

போய்வந்தோம். இசிஜியில் புதிய மாற்றம் இல்லை. ட்ரோபோனின் இரண்டு தடவை எடுத்தார்கள், 21, பிறகு 20. நெஞ்சு எக்ஸ்ரேயில் நீர் இல்லை. என்டி-ப்ரோபிஎன்பி 1,180, அதாவது பாதிக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கிறது. அந்த எண் இறங்கியிருப்பதால் இது இதயத்தால் வரும் மூச்சுத்திணறலாகத் தெரியவில்லை, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் டிகாக்ரலோர் சிலருக்கு இப்படிச் செய்யும் என்றார் டாக்டர். நாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துவிடும் என்று எச்சரித்து, அவரே வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார். இந்த முறை உட்கார வைத்துப் பேசினார். செல்வி அக்கா சொன்னதுபோல, ரிசல்ட் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எண் வாங்கிக்கொண்டேன்.

இதய_வார்டு | ஜூன் 25, இரவு 11.00

நன்றாகச் செய்தீர்கள். பழைய 2,150 கையில் இருந்ததால்தான் 1,180-க்கு அர்த்தம் கிடைத்தது. தனியாக வந்திருந்தால் அதுவும் அதிகம் என்று மருத்துவமனையில் படுக்க வைத்திருப்பார்கள். இதற்குப் பிறகு இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் சாக்குபிட்ரில் சேர்ந்த மாத்திரை தொடங்கினால், பிஎன்பி எடுக்காமல் இதே என்டி-ப்ரோபிஎன்பியையே தொடரச் சொல்லுங்கள். அந்த மாத்திரை பிஎன்பியை ஏற்றிக் காட்டும்.

அல்சூர்_மகள் | ஜூலை 27, மாலை 5.30

ஏழு வாரம் முடிந்து எக்கோ எடுத்தோம். பம்பிங் 46. என்டி-ப்ரோபிஎன்பி 610. கிரியாட்டினின் 1.1. எல்டிஎல் 61, ஐம்பத்தைந்துக்குக் கீழே கொண்டுவர இன்னொரு மாத்திரை சேர்த்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 11.9. மூல நோய் ரத்தக்கசிவை அப்பா நான்கு வருடமாகச் சொல்லாமல் இருந்திருக்கிறார். சிசியூ அக்கா, நீங்கள் கேட்கச் சொல்லாவிட்டால் நான் கேட்டிருக்க மாட்டேன். காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் இருபத்தைந்து நிமிடம் நிற்காமல் நடக்கிறார்.

ஆனால் பொட்டாசியம் 5.7 என்று சிவப்பில் வந்திருக்கிறது. லேபிலிருந்தே கூப்பிட்டு, நாளைக்கு மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரிடமும் சொல்லிவிட்டேன்.

லேப்_அனுபவம் | ஜூலை 27, மாலை 6.10

ரிப்போர்ட்டின் அடியில் ரத்த அணுக்கள் உடைந்திருப்பதாகக் குறிப்பு இருக்கிறதா? ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் கொட்டி எண் பொய்யாக ஏறும். கையை இறுக்கிக் கட்டி, முஷ்டியை மூடித் திறக்கச் சொல்லி எடுத்தாலும் ஏறும். ஆனால் பொய் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது, மறுபடி எடுத்தே ஆக வேண்டும்.

சிசியூ_அக்கா | ஜூலை 27, இரவு 7.40

அப்பாவுக்கு ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில் இருக்கிறதா? இரண்டும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். நடைப்பயிற்சி முடிந்ததும் ஏரி ஓரத்தில் என்ன குடிக்கிறார்? சமையலுக்கு எந்த உப்பு?

அல்சூர்_மகள் | ஜூலை 27, இரவு 8.05

இரண்டு மாத்திரையும் இருக்கின்றன. அக்கா, தினமும் இளநீர் குடிக்கிறார், சில நாள் இரண்டு. உப்பைக் குறைக்கச் சொன்னதால் சோடியம் குறைந்த உப்பு என்று வாங்கி ஒரு மாதமாக அதில்தான் சமைக்கிறோம். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடு என்று போட்டிருக்கிறது.

சிசியூ_அக்கா | ஜூலை 27, இரவு 8.09

இளநீர், அந்த உப்பு இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள். இதையும் டாக்டருக்கு இப்போதே சொல்லுங்கள், மாத்திரை அளவை அவர் முடிவு செய்யட்டும். நெஞ்சு படபடத்தாலோ கைகால் தளர்ந்தாலோ காலை வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

அல்சூர்_மகள் | ஜூலை 31, காலை 9.20

மறுநாள் எடுத்ததில் 5.2. டாக்டர் ஸ்பைரனோலாக்டோனைப் பாதியாக்கினார். நேற்று 4.6. பழைய உப்புக்கே திரும்பி, அளவைக் குறைத்திருக்கிறோம். ஊறுகாய் ஜாடியை அம்மா பரண் மேல் ஏற்றிவிட்டார்கள். இளநீர்க்காரர் அப்பாவை இரண்டு நாளாகக் காணோமே என்று எதிர்வீட்டில் விசாரித்தாராம். அப்பா இன்று காலை அவரிடம் போய் நின்று பேசிவிட்டு மட்டும் வந்தார்.